பரலோகக் குடியிருப்பும் கிராம சபையும்: பொதுக் காரியத்தில் முதன்முதலாக இறங்கும் கிறிஸ்தவருக்கு

எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவில்) வாலிபர் கூட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பதினெட்டு முடிந்த பிள்ளைகளிடம் "வோட்டர் லிஸ்ட்ல பேர் சேத்தாச்சா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்களைக் கேட்டால், "நமக்கெதுக்கு தம்பி அரசியலு? ஜெபம் பண்ணுவோம், ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்பார்கள். ஜெபிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஜெபித்து முடித்து எழுந்தபின் கை கால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை எங்கே தொடங்குவது, எப்படிச் செய்வது என்று தெரியாமல் தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மனத்தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

"நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்ற வசனத்தைச் சொல்லித்தான் பலர் பொதுக் காரியங்களிலிருந்து ஒதுங்குகிறார்கள். பவுல் அதை எழுதியது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பி பட்டணத்தில் அவர் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். விசாரணையே இல்லாமல் அவரையும் சீலாவையும் வெளிப்படையாக அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் ரகசியமாகப் போய்விடும்படி ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. தாங்கள் ரோமர் என்பதை எடுத்துச் சொல்லி, "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். அதிகாரிகள் பயந்துபோய், நேரில் வந்து கேட்டுக்கொண்டார்கள்.

அடியெல்லாம் வாங்கியாகிவிட்டது, இனி எதற்கு இந்தப் பிடிவாதம் என்று தோன்றலாம். பவுல் அன்றைக்கே அந்த ஊரை விட்டுப் போகப்போகிறவர். ஆனால் அங்கே புதிதாக விசுவாசித்த லீதியாளின் வீட்டாரும் சிறைச்சாலைக்காரனின் குடும்பமும் அங்கேயே வாழ வேண்டியவர்கள். குற்றவாளியின் பின்னால் போனவர்கள் என்ற பேச்சு அவர்கள்மேல் விழக்கூடாது என்றுதான் அவர் குடியுரிமையைக் கையில் எடுத்தார் என்று நான் வாசிக்கிறேன். பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதிய அதே கைதான் ரோமக் குடியுரிமையையும் பிறருக்காகப் பயன்படுத்தியது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் எனக்கு அளவுகோல் இந்தச் சம்பவம்தான்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராக இருந்த எச். சி. முகர்ஜி வங்காளக் கிறிஸ்தவர். சென்னை மாகாணத்திலிருந்து போன ஜெரோம் டிசோசா ஒரு இயேசு சபைக் குரு. மத அடிப்படையில் சட்டமன்றத் தொகுதி ஒதுக்கீடு வேண்டாம் என்று 1949-ல் சிறுபான்மையினருக்கான ஆலோசனைக் குழு முடிவெடுத்தபோது அதை முன்வைத்தவர் முகர்ஜி. எல்லாரோடும் சேர்ந்து நின்று எல்லாருடைய வாக்கையும் கேட்போம் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக இருப்பது நம்முடைய கடன்.

பெயர் பட்டியலில் இருக்கிறதா?

என் பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று. வாக்காளர் அட்டையைச் சபைச் சந்தா அட்டையோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பார். தேர்தலன்று காலையிலேயே வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அரை மணி நேரம் வரிசையில் நின்றபின் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் மகன் வீட்டுக்குக் குடிமாறியதில் பழைய தெருவிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார்கள், புதிய தெருவில் யாரும் சேர்க்கவில்லை. "அட்டை இருக்கே தம்பி, அட்டை இருக்கே" என்று வாசலில் நின்று கவரைத் திறந்து திறந்து காட்டினார். அட்டை இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு என்பதை அன்றைக்கு எங்கள் குடும்பம் முழுக்கக் கற்றுக்கொண்டது.

ஆகவே முதல் வேலை இது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் உங்கள் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள், அல்லது 1950 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெயர் புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறினாலோ, பெயர், வயது, முகவரியில் பிழை இருந்தாலோ படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. இணையம் வராதென்றால் உங்கள் வாக்குச்சாவடிக்கென்று நியமிக்கப்பட்ட பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம்) கொடுக்கலாம். பெரும்பாலும் அவர் ஓர் ஆசிரியராகவோ அங்கன்வாடி அக்காவாகவோதான் இருப்பார். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியைக் கணக்கில் வைத்து, அன்றைக்கு 18 நிரம்புகிறவர்களைச் சேர்க்கிறார்கள். 17 முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தேர்தல் அறிவித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் போய்விட்டால் அந்தத் தேர்தலுக்கு யாரையும் சேர்க்க முடியாது.

நம் வீடுகளுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் எஸ்தர், பள்ளிச் சான்றிதழில் எஸ்தர் ராணி, ஆதாரில் வெறும் ராணி. யேசுதாசன் ஓரிடத்தில் ஜேசுதாசன் ஆகியிருப்பார். அந்தோணிக்கு எந்த 'ணி' என்பது எழுதுகிறவர் கையைப் பொறுத்தது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீட்டுக்கு வீடு படிவம் வந்தபோது இந்தக் குழப்பமெல்லாம் மேலே வந்தது. எந்த ஆவணத்தின்படி பெயர் வேண்டும் என்று ஒன்றை முடிவு செய்து, மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்.

இதைச் சபையாகச் செய்தால் சுலபம். ஆராதனை முடிந்து வெளியே வரும் இடத்தில் ஒரு மேசை, இரண்டு வாலிபர்கள், ஒரு செல்போன் போதும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பது குடும்பத்தைப் பார்த்துவிடலாம். பக்கத்துத் தெருக்காரர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், வந்தால் அவர்களுக்கும் பாருங்கள்.

யாருக்குப் போடுவது என்பதை எப்படி முடிவு செய்வது

இதில் நான் கட்சியின் பெயரோ ஆளின் பெயரோ சொல்லப்போவதில்லை. யாராவது பிரசங்க பீடத்திலிருந்து சொன்னால் அதையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 123(3) பிரிவின்படி முறைகேடான செயல். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தேவாலயம் உட்பட எந்த வழிபாட்டிடத்தையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. வழிபாட்டிடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

ஆனால் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் நம் சபைக் கோயிலுக்கு வரத்தான் செய்வார்கள். வந்தால் என்ன செய்வது என்று போதகராகிய ஐயரும் சேகரக் கமிட்டியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. வருகிறவரை வரவேற்று உட்கார வைக்கலாம். அவருக்காக ஜெபிக்கலாம். ஆனால் துண்டு போர்த்துவதும் மைக் கொடுப்பதும் வேண்டாம். ஒருவருக்கு ஜெபித்தால் அடுத்து வருகிறவருக்கும் அதே ஜெபம். அதிகாரத்தில் உள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் பண்ணச் சொல்லித்தான் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது, நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் என்று இல்லை.

வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேட்புமனுவோடு அவர் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் படியுங்கள். சொத்து, கடன், படிப்பு, நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். குற்ற வழக்கு உள்ளவர்கள் அதைப் பிரசார காலத்தில் மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. வழக்கு என்றவுடன் ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீருக்காக மறியல் செய்ததற்கும் வழக்கு இருக்கும், ஆளை வெட்டியதற்கும் வழக்கு இருக்கும். எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காகப் போடுவது எனக்கு உறுத்துகிறது. 'நம்மவர்' என்று நாம் சொல்லும்போது பல இடங்களில் அது விசுவாசத்தைக்கூடக் குறிப்பதில்லை, சாதியைத்தான் குறிக்கிறது. பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் நிர்வாகத்துக்கு நடக்கும் தேர்தலில் இதைக் கண்ணாரப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சபைக்குள் நடக்கும் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுப் போட்டுப் பழகிய கை, வெளியே போய் வேறு மாதிரிப் போடாது. முதல்முறை ஓட்டுப் போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, சேகரக் கமிட்டித் தேர்தலிலேயே இதை மாற்றிக் காட்டுங்கள் என்பதுதான்.

கவர் வரும் இரவு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாக்குக்குப் பணம் என்பது நம் மாநிலத்தில் ரகசியம் இல்லை. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்கு 'ஃபார்முலா' என்ற பெயரே வந்தது. பணப் பட்டுவாடா காரணமாக 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஆணையம் ரத்து செய்தது; 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலை ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார்.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் வெளியாள் இல்லை. காலையில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து பாமாலை பாடியவர். இரவு ஒன்பதரை மணிக்கு கேட்டைத் தட்டி, கையில் பட்டியலோடு, "வீட்ல நாலு ஓட்டுதானே?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "எங்க வீட்ல வேண்டாம் அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். இன்றைக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது. உங்களுக்கு வார்த்தை வராவிட்டால் அம்மாவின் வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், உபதேசமும் வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் போதும்.

"நம்ம வரிப்பணம்தானே, வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போடலாமே" என்ற வாதத்தைக் கூட்டத்தில் எப்போதும் ஒரு பிள்ளை எழுப்பும். யாத்திராகமம் 23:8 இதற்கு நேரடியான பதில் சொல்கிறது: "பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." பரிதானம் என்றால் லஞ்சம். வாங்கியபின்னும் என் பார்வை தெளிவாக இருக்கும் என்று நினைப்பவரைத்தான் அந்த வசனம் எச்சரிக்கிறது. நடைமுறையிலும் பாருங்கள். வாங்கியவர் அடுத்த ஐந்து வருடம் அந்த உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டதை நான் கண்டதில்லை. சட்டப்படியும் கொடுப்பது, வாங்குவது இரண்டும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

இதில் ஒரு வார்த்தை. தினக்கூலிக்குப் போகும் வீட்டில் அந்தப் பணம் இரண்டு மூன்று நாள் அரிசி. அந்த வீட்டு அம்மாவைப் பார்த்து, வசதியாக இருக்கும் நாம் விரல் நீட்டக்கூடாது. அவர் வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அதற்கப்புறம் பேசலாம்.

புகார் செய்ய விரும்பினால் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அங்கேயே படம் பிடித்து அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்ப முடியும்.

வாக்குச்சாவடியில்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும், பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால் 'டெண்டர்டு வோட்டு' கேட்க உரிமை உண்டு, வாக்குச்சீட்டில் பதிவு செய்வார்கள். 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். சபையில் வியாதிப்பட்டோர் சந்திப்புக்குப் போகும் அக்காமார் இந்தப் படிவத்தையும் பையில் வைத்துக்கொண்டால் எத்தனையோ பெரியவர்களுக்கு உதவி.

2019-ல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன். மதுரையில் அன்றைக்குச் சித்திரைத் தேரோட்டம். அங்கே மட்டும் இரவு எட்டு மணிவரை நேரம் நீட்டித்தார்கள். எங்கள் ஊரில் பகலில் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலோடு மாலையில் திருவிருந்துக்கு வரிசையில் நின்றோம். கைநீட்டி அப்பத்தை வாங்கும்போது எல்லார் விரலிலும் அந்தக் கோடு இருந்தது.

ஓட்டுக்குப் பிறகுதான் வேலை

வாக்களிப்பது ஐந்து வருடத்தில் சில நாள். மீதி நாளுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். சில வேளை தேதி தள்ளிப்போகும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயருள்ள எல்லாரும் உறுப்பினர்கள். யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபை எப்போது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் வந்தார். அப்போதும் கிராம சபை நின்றுவிடவில்லை.

நான் முதன்முதலில் போனது கல்லறைத் தோட்டத்துப் பாதைக்காக. மழைக்காலத்தில் பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறவர்களுக்கு முழங்கால்வரை சேறு. நியாயமான குறைதான். பள்ளிக்கூட வளாகத்து வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு நீள நோட்டைக் கையெழுத்துக்குச் சுற்றவிட்டார்கள். என் முறை வந்தபோது பார்த்தேன்: மேலே அரைப்பக்கம் வெறுமையாக இருந்தது, கீழே வரிசையாகக் கையெழுத்து. தீர்மானம் பிறகு எழுதிக்கொள்வார்களாம். நானும் போட்டுவிட்டேன். நீங்கள் அப்படிப் போடாதீர்கள். வருகைப் பதிவு வேறு, தீர்மானப் புத்தகம் வேறு. தீர்மானத்தை எழுதி, எண் போட்டு, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்கு முன்னால் பேசியவர் கிழக்குத் தெரு அக்கா ஒருவர். எங்கள் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அந்தத் தெரு. சாக்கடை கட்டாததால் மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் அங்கன்வாடிக்குள் வருகிறது, பிள்ளைகளை பெஞ்சு மேல் உட்கார வைக்கிறோம் என்றார். கோயில் தெருவுக்கு மட்டும் பேவர் பிளாக் போட்டாயிற்று. ஐந்து வருடமாக அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பாடியிருக்கிறோம், எனக்கு இது தெரியாது. நீதிமொழிகள் 31:8, "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்கிறது. அந்த அக்கா ஊமை இல்லை, நன்றாகவே பேசினார். அவர் பேசும்போது பின்னால் நிற்க ஆள்தான் இல்லை. என் முறை வந்ததும் கல்லறைப் பாதையைச் சொல்வதற்கு முன் சாக்கடையைச் சொன்னேன். எங்கள் சபையிலிருந்து வந்த பதினொரு பேரும் கை தூக்கினார்கள். இரண்டும் தீர்மானமாயின.

அதனால் கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு மாலை வேளையில் உங்கள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, அங்கிருப்பவர்களிடம் என்ன குறை என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்னார், அது அவர்களுடைய ஊரே இல்லை. நமக்கு இது சொந்த ஊர்.

தீர்மானம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால்

கிடக்கும். எங்களுக்கும் கிடந்தது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனு எண்ணோடு ஒரு சீட்டுத் தருவார்கள், அதைத் தொலைக்கக்கூடாது. அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத்தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எழுதும்போது "ஏன் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "இன்ன தேதி கிராம சபையின் இன்ன எண் தீர்மானத்தின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல், மதிப்பீட்டின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். விண்ணப்பத்தைச் சபையின் லெட்டர்பேடில் எழுதாமல் உங்கள் பெயரில் எழுதுங்கள். சட்டம் இந்த உரிமையைக் குடிமகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

எங்கள் விண்ணப்பத்தை அந்தக் கிழக்குத் தெரு அக்காதான் தன் பெயரில் எழுதினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தடவை அடித்துத் திருத்தினோம். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: மதிப்பீடு தயாராகியிருக்கிறது, நிதி ஒதுக்கவில்லை. அந்தப் பதிலை ஐந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த கிராம சபையில் அவரே எழுந்து வாசிக்கப்போகிறார். இந்தத் தடவை எங்கள் பக்கத்திலிருந்து நாற்பது பேராவது வர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.